மாஸ்டரின் காணாமல் போன குரல்

சனிக்கிழமை காலை பத்து மணி. மாஸ்டரின் குரல் காணாமல் போயிருந்தது. அதை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு பல் டாக்டர்.

டாக்டர் தன் கார் ஷெட்டில், கையில் பசைக் குப்பியோடு நான்கு பலகைகளுக்கு முன்னால் நின்றிருந்தார். ஸ்டூல் மேல் லேப்டாப். பக்கத்தில், பட்டறைச் சத்தத்தை மீறிக் கேட்கட்டும் என்று வாங்கிய தேங்காய் அளவு உருண்டை ஸ்பீக்கர். திரையில் இணையவழி மரவேலை வகுப்பின் ஏழாம் பாடம்: பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி மேஜை செய்வது. மாஸ்டரின் வாய் அசைந்தது. ரம்பம் இரைந்தது. தூசி உறிஞ்சும் மெஷின் உறுமியது. பேச்சு மட்டும் இல்லை. காதைக் கிட்டே கொண்டுபோனால் யாரோ கிணற்றுக்குள் முனகுவது மாதிரி ஏதோ கேட்டது. டாக்டர் வீடியோவை நிறுத்தி ஓட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தார். கடைசியில், பல் பிடுங்கத் தெரிந்தவனுக்குப் பலகை ஒட்டத் தெரியாதா என்று தானாகவே ஒட்டிவிட்டார். சில நாளில் அந்தப் பலகை வளைந்துபோய், மேலே வைத்த பென்சில் உருண்டு தரையில் விழுந்தது.

அதற்குள் புகார்கள் குவிந்துவிட்டன. சிலருக்குப் பாடம் கணீரென்று கேட்டது. சிலருக்கு ஊமைப் படம். "உங்க கம்ப்யூட்டர் பழசு" என்று மாஸ்டர் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். டாக்டருக்கு ரோஷம் வந்து புதுசே வாங்கினார். அதுவும் ஷெட்டுக்குள் வந்ததும் ஊமையாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் மாஸ்டரின் மனைவி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அந்த வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். ஓய்வு பெற்றபின் பொழுது போகாமல் இதே வகுப்பில் சேர்ந்திருந்தார். பட்டறை பத்தடி தூரத்தில் இருக்கும்போது எதற்கு ஆன்லைன் என்று கேட்டவர்களிடம், "நான் விரல்ல அடிச்சுக்கறதை யாரும் பார்க்க வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். அவர் செய்த நாற்காலி நாலு காலில் ஒரு காலை எப்போதும் தூக்கியே வைத்திருக்கும். தெருவே அவரை இன்ஸ்பெக்டரம்மா என்றுதான் கூப்பிட்டது.

"அக்கா, சாயங்காலத்துக்குள்ள தம்பியை வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டாரு. இவன்தான் குரலை அழிச்சான்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

தம்பி என்றால் அவள் கூடப்பிறந்தவன், மாஸ்டரின் வீடியோக்களை வெட்டி ஒட்டும் பையன். அதனால் அவனுக்குக் கத்திரி என்று பேர். அக்கா வீட்டுப் பின்னறையில்தான் மூன்று வருஷமாகச் சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம்.

"நீ என்ன நினைக்கிறே?"

அவள் முந்தானையைத் திருகினாள். இன்ஸ்பெக்டரம்மா அதைக் கவனித்துக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டினார்.

முதல் விசாரணை மாஸ்டர். கணக்கறையில் பெரிய கம்ப்யூட்டர் முன்னால், இடம் ஒன்று வலம் ஒன்று என்று இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஏழாம் பாடம் ஓடியது. குரல் கணீர்.

"இங்க நல்லாத்தானே கேக்குது?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "என் வீட்டு லேப்டாப்லயும் கேட்டுச்சு."

"அதுதான் மேடம் சூது. நமக்கு நல்ல பிரதி, ஊருக்கு ஊமைப் பிரதி. ரம்பம் கேக்குது, என் பேச்சு மட்டும் கேக்கல. கம்ப்யூட்டருக்கு என் மேல என்ன கோபம்? இது மனுஷன் வேலை."

"மச்சினனுக்கு உங்க மேல என்ன கோபம்?"

"வேற வீடியோ கம்பெனிக்காரன் கூப்பிட்டிருக்கான். எனக்குத் தெரியாம போன்ல பேசறான். போறவன் சும்மா போவானா?"

தர்க்கம் பழுதில்லாமல்தான் இருந்தது. பழுதில்லாத தர்க்கத்தோடு ஆளை உள்ளே தள்ளி, பிறகு தலைகுனிந்த அனுபவம் இன்ஸ்பெக்டரம்மாவுக்கு உண்டு.

"எந்தப் பாடத்திலிருந்து இப்படி?"

"ஆறு வரைக்கும் புகார் இல்ல. ஏழுலேர்ந்துதான்."

அடுத்தது கத்திரி. பின்னறைக் கட்டிலில் பாதி நிரம்பிய பை. அவன் கழுத்தில் பெரிய ஹெட்போன், மாடு கட்டின கயிறு மாதிரி எந்நேரமும் கிடக்கும்.

"வேற கம்பெனியில கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க. வரலைன்னு சொல்லிட்டேன்."

"மாமாகிட்ட ஏன் சொல்லல?"

"வராத இடத்தைப் பத்தி என்னத்தச் சொல்றது?"

"நீ வெட்டும்போது குரல் இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம். இந்தாங்க, கேளுங்க."

ஹெட்போனில் மாஸ்டர் தெளிவாகப் பேசினார். இன்ஸ்பெக்டரம்மா இடது காதை எடுத்துவிட்டுக் கேட்டார். குரல் இருந்தது. வலது காதை எடுத்துவிட்டுக் கேட்டார். அப்போதும் இருந்தது. ஒரு பக்கம் செத்திருக்கும் என்ற அவருடைய முதல் சந்தேகம் அதோடு போயிற்று.

மூன்றாவது சாட்சி டாக்டர். போனில் பிடித்தார்.

"புதுக் கம்ப்யூட்டர் எல்லா இடத்திலயும் ஊமையா, டாக்டர்?"

"அதுதான் மேடம் வேடிக்கை. கிளினிக்ல, நோயாளி வராத நேரத்துல இயர்போன் போட்டுப் பார்த்தேன். பேசறாரு. அதே கம்ப்யூட்டர், அதே பாடம். ஷெட்டுக்குக் கொண்டுவந்தா வாயை மூடிக்கறாரு. என் ஷெட்டுக்கு ஏதாவது செய்வினையா?"

"ஷெட்டுல எதுல கேக்கறீங்க?"

"உருண்டை ஸ்பீக்கர்ல. அது நல்ல ஸ்பீக்கர், பாட்டெல்லாம் பிரமாதமா பாடும்."

"அதை எடுத்துக்கிட்டு இங்க வாங்க."

ஒரே கம்ப்யூட்டர் ஓரிடத்தில் பேசி இன்னோரிடத்தில் ஊமையானால், நல்ல பிரதி கெட்ட பிரதி என்ற கதை செல்லாது. மாஸ்டரின் தர்க்கத்தில் முதல் ஓட்டை விழுந்தது. இதை இன்ஸ்பெக்டரம்மா யாரிடமும் சொல்லவில்லை. பாதிக் கேஸில் வாயைத் திறப்பது அவர் வழக்கமில்லை.

டாக்டர் வந்ததும் உருண்டை ஸ்பீக்கரை மாஸ்டரின் பெரிய கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். கணீரென்று பேசிக்கொண்டிருந்த மாஸ்டர், அவர் கண்ணெதிரிலேயே முனகலாகச் சுருங்கிப்போனார். ரம்பம் மட்டும் விடாமல் இரைந்தது. மாஸ்டருக்கு முகம் வெளுத்தது.

"கம்ப்யூட்டர் எல்லாம் நிரபராதி" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "ரெண்டு ஸ்பீக்கர் இருந்தா குரல் இருக்கு. ஒத்த ஸ்பீக்கர்னா இல்ல. கத்திரி, இன்னும் நீ கை வைக்காத வீடியோ ஏதாவது இருக்கா?"

"நேத்து எடுத்தது கேமராவுலயே இருக்கு மேடம். இன்னும் இறக்கல."

அதையும் உருண்டை ஸ்பீக்கரில் ஓட்டினார்கள். அதிலும் ஊமை.

மாஸ்டரின் மனைவி சுவரில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டாள். வெட்டுவதற்கு முன்பே குரல் போயிருந்தால், வெட்டியவன் மேல் பழி நிற்காது. அப்படியானால் படம் பிடிக்கிற இடத்தில்தான் எதுவோ நடந்திருக்கிறது. இன்ஸ்பெக்டரம்மா பட்டறைக்குள் போனார்.

நடுவில் நீளமான வேலை மேஜை. இடது ஓரத்தில் ரம்ப மெஷின், அதன் காலடியில் தூசி உறிஞ்சி. மேஜைக்கு மேலே இரண்டு மைக், நடுவில் நின்று பேசும் மாஸ்டரின் வாய்க்குச் சரிசமமான தூரத்தில் இடமும் வலமும் தொங்கின. சுவரில் பெரிய எழுத்தில்: 'முதலில் வயர் எங்கே என்று பார். பிறகு ரம்பத்தைத் தொடு.' எல்லாப் பாடமும் இந்த வாக்கியத்தோடுதான் தொடங்கும்.

இன்ஸ்பெக்டரம்மா வலது மைக்கின் வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது மேஜையின் முன்விளிம்பு வழியாக இறங்கியது. விளிம்புக்கு அடியில் வயர் புடைத்திருந்தது. மேலே கறுப்பு டேப். அதே இடத்தில் விளிம்பைத் தடவிப் பார்த்தார். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒட்டு ஒன்று இருந்தது. விரல் நீளத்துக்கு மரச் சீவல் பதித்து, ரேகையோடு ரேகை சேர்த்து, தேய்த்து மெழுகு பூசியிருந்தார்கள். பக்கத்து மரத்தைவிட நிறம் மட்டும் ஒரு பிடி இளசு.

எல்லோரையும் கூப்பிட்டார். டேப்பைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே பழைய வயருக்கு நடுவில் வேறு வயரில் வெட்டிய ஒரு துண்டு. பழையதில் சிவப்பும் வெள்ளையும். துண்டில் நீலமும் கறுப்பும்.

"கத்திரி, உள்ள இருக்கற ரெண்டு கம்பியும் இடம் மாறினா என்ன ஆகும்?"

கத்திரி வயரைப் பார்த்தான். ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"அந்த மைக்குல குரல் தலைகீழா பதிவாகும் மேடம். இது மேல போறப்ப அது கீழ போகும். தனித்தனியா கேட்டா காதுக்குத் தெரியாது. நான் எப்பவும் ஹெட்போன்லதானே கேக்கறேன். ஒத்த ஸ்பீக்கர்ல ரெண்டையும் கூட்டினா…" அவன் நிறுத்தினான். "ஒண்ணை ஒண்ணு தின்னுடும்."

"அப்ப ரம்பம் மட்டும் எப்படிக் கேட்டுச்சு?" என்றார் டாக்டர்.

"அது இடது மைக்குக்குக் கிட்ட இருக்கு. வலதுல கம்மியா விழும். தின்னது போக மிச்சம் இருக்கும்."

இன்ஸ்பெக்டரம்மா மாஸ்டர் பக்கம் திரும்பினார். "ஏழாம் பாடத்துல என்ன சொல்லிக் கொடுத்தீங்க மாஸ்டர்? பலகை ஒட்டும்போது ஒண்ணு விட்டு ஒண்ணைப் புரட்டிப் போடு, ஒண்ணு மேல வளைஞ்சா இன்னொண்ணு கீழ வளையும், மொத்தம் தட்டையா நிக்கும்னு. உங்க குரலுக்கும் அதே வைத்தியத்தைப் பண்ணிட்டீங்க. தட்டையாயிடுச்சு."

"நானா?"

"வயரை அறுத்தது யார்னு இதுவரைக்கும் நான் கேக்கல. டேப்பை எவன் வேணும்னாலும் சுத்தலாம். ஆனா ரம்பம் மேஜை விளிம்பையும் சேர்த்துக் கடிச்சிருக்கு. கத்திரிக்கு நேரா ஆணி அடிக்க வராது. அவன் கைபட்டா வெட்டு வெட்டாவே கிடந்திருக்கும். நானா இருந்தா மேல துணியைப் போட்டு மூடியிருப்பேன். ரேகைக்கு ரேகை சேர்த்து, மெழுகு போட்டு மறைக்க இந்த வீட்டுல ஒரே ஒரு கைதான் இருக்கு. வேலை அவ்வளவு சுத்தமா இருந்ததாலதான் மாட்டிக்கிட்டீங்க."

சுவரில் இருந்த வாக்கியத்தை டாக்டர் ஒருமுறை படித்தார். பிறகு நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்.

மாஸ்டர் மர ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏழாம் பாடம் எடுக்கறதுக்கு முதல் நாள்" என்றார். "கை ரம்ப மெஷினால விளிம்பைச் சீவினேன். வயரைப் பார்க்கல. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றவன்… வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு நானே ஒட்டினேன். கம்பி நிறம் பொருந்தல, ஏதோ ஒண்ணோட ஒண்ணைச் சேர்த்தேன். சத்தம் வந்துச்சு. விட்டுட்டேன்."

"அந்த வயர்தான் காரணம்னு தெரியுமா?"

"சத்தியமா தெரியாது மேடம். ஆனா புகார் வந்தப்ப வயர் ஞாபகம் வந்துச்சு. வந்ததும் வாயை மூடிக்கிட்டேன்."

இது பொய்யில்லை என்று இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் பட்டது. பொய்யைவிட இது மோசம் என்றும் பட்டது.

கத்திரி பின்னறைக்குப் போனான். அறை வாசலில் எல்லோரும் கூடி நின்றார்கள். ஏழிலிருந்து ஒவ்வொரு பாடத்திலும் ஒரு பக்கக் குரலை மட்டும் தலைகீழாகத் திருப்பினான். ஒரு சொடுக்கு வேலைதான். ஏழாம் பாடத்தை உருண்டை ஸ்பீக்கரில் ஓட்டிப் பார்த்தான். மாஸ்டர் பேசினார். டாக்டர் சந்தோஷத்தில் தன் மேஜைக் கதையை ஆரம்பித்து, யாரும் கேட்காததால் நிறுத்திக்கொண்டார்.

பொழுது சாயும்போது வேலை முடிந்தது. கத்திரி எழுந்து பையின் ஜிப்பை இழுத்தான்.

"என்னடா இது?" மாஸ்டர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "தப்பு என் மேலடா. எல்லார் முன்னாடியும் சொல்றேன். நாளைக்குப் பாடத்துலயும் சொல்றேன், ஊரே கேக்கட்டும். பையை உள்ள வை."

"நீங்க சந்தேகப்பட்டதுகூட பரவாயில்ல மாமா" என்றான் கத்திரி. அவன் பார்வை மாஸ்டர் மேல் இல்லை. "அக்கா, ஒரு வாரமா எனக்குச் சாப்பாடு போட்டியே. ஒருநாளாவது 'நீ செஞ்சியாடா'ன்னு கேட்டிருக்கலாம்ல?"

அவள் முந்தானையைத் திருகினாள்.

கத்திரி பையைத் தோளில் மாட்டினான்.

"நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துடறேன் மாமா. தங்க வரல."