காற்றுக்குக் கொடுத்த திசை

காந்தத்தைப் பொறுத்தவரை காற்றுக்குத் திசை கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான். ஆனால் தனுஷிகாவின் மடிக்கணினித் திரையில், மின்மாற்றியின் உருக்குத் தகட்டைச் சுற்றியிருந்த வெற்றுக் காற்றில், அம்புக்குறிகள் அத்தனையும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன.

உருக்கு அப்படி நிற்கலாம். உருளையில் நசுக்கி நீட்டிய தகடு அது. நீளவாக்கில் காந்தப்புலம் வழுக்கிக்கொண்டு ஓடும், குறுக்கே திருப்பினால் முரண்டு பிடிக்கும். அந்தப் பிடிவாதத்தை எண்களாக்கிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் அவளுடைய பல்கலைக்கழக ஆய்வு. பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து அறையில், பிற்பகல் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கி ஜன்னலை அடைத்துவிட, தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டுகிற சத்தத்தையும் ஈர விறகுப் புகையின் கரிப்பையும் பொறுத்துக்கொண்டு, அவள் பிழையைத் தேடினாள். கிடைத்தது. உருக்குக்கான எண்களைக் காலையில் காற்றின் பெயரிலும் போட்டுத் தொலைத்திருந்தாள். அரைத் தூக்கத்தில் வேலை பார்த்தால் இப்படித்தான் வந்து முடியும்.

திருத்தப் போன நேரம் கதவு திறந்தது. அம்மா மீனம்மா. மலையிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. முதுகில் கொழுந்துச் சாக்கு அப்படியே தொங்கியது.

"என்னம்மா, கொழுந்து நிறுக்கலியா?"

மீனம்மா நண்டைப் போலப் பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே வந்து, பின்சுவரைப் பார்த்து நின்றாள். பச்சைத் தேயிலை வாசனையோடு, அப்போதுதான் அறுத்த இரும்பின் வாசனையும் சேர்ந்து வந்தது.

"இப்புடி நின்னா நோவலடி. திரும்புனாத்தான் உயிர் போவுது. மலையில நிக்கிற பொம்பளைங்க எல்லாருக்கும் இன்னிக்கு இதே கதிதான்."

தனுஷிகா அவளுடைய தோளைப் பிடித்துத் திருப்பினாள். எலும்புக்குள் ஏதோ நறநறத்தது. அம்மா அலறிய அலறலில் கையை உதறிக்கொண்டு விலகினாள்.

திரையைப் பார்த்தாள். அம்புகள் காட்டியதும் பின்சுவரைத்தான். பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, காற்றின் கோணத்தில் பத்துப் பாகை கூட்டினாள். ஓட்டினாள். கணினியின் விசிறி இரைந்தது.

சிமெந்துத் தரையில் அம்மாவின் பாதங்கள் தேய்ந்தன. சரியாகப் பத்துப் பாகை.

"ஐயோ, யாருடி என்னய இழுக்கிறது?"

"ஒன்னுமில்லம்மா. இந்தா, இப்பவே சரியாக்கிடுறேன்."

அப்பா செத்த பிறகு இந்த ஒற்றை அறையில் அவர்கள் இரண்டே பேர். அம்மாவை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? காற்றின் மூன்று எண்களையும் சமமாக்கினாள். நீளவாக்குக்கு ஒன்று. குறுக்குவாக்குக்கு ஒன்று. உயரவாக்குக்கு ஒன்று. இனி எந்தப் பக்கமும் முரண்டு இல்லை.

மறுபடி ஓட்டினாள். நாற்பது வீதம் முடிந்தது. எழுபது. கூரையில் சொட்டுச் சத்தம் நின்றுபோனது. இரும்பு வாசனை நாக்கில் ஏறியது. தொண்ணூறு. நூறு.

அம்புகள் கலைந்தன. அம்மாவின் தோள்கள் தளர்ந்தன. ஒரு பெருமூச்சு. தனுஷிகாவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"அம்மா, இப்ப திரும்பிப் பாருங்க."

மீனம்மா திரும்பினாள். உடம்பு அசையவில்லை. தலை மட்டும். தோளைத் தாண்டியது. நிற்கவில்லை. சத்தமே இல்லை. கொழுந்துச் சாக்குக்கு நேர் மேலே முகம் முழுதாக வந்து, நோவு தீர்ந்த நிம்மதியில் மகளைப் பார்த்துச் சிரித்தது. பிறகு அதே பக்கமாக இன்னும் சுற்றத் தொடங்கியது.