கஸ் கொண்டுவந்த தலை

மூக்கு ஈரமாக இருந்தது.

மார்லிஸ் தொட்ட விரலை முகர்ந்து பார்த்தாள். பூசிய வார்னிஷின் வாடை இல்லை. இப்போதுதான் மேய்ந்துவிட்டு வந்த மிருகத்தின் மூச்சில் இருக்குமே, புளித்த பச்சை வாடை, அது. வெளியே பிப்ரவரிப் பனி கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்தது. விஸ்கான்சினின் வடகோடியில் அந்த மாதத்தில் ஒரு புல் கிடையாது.

அந்த மான்தலையைப் பாடம் செய்தவள் அவளேதான். நவம்பர் வேட்டையில் சுட்டதென்று கஸ் ட்ரெபானியே என்பவன் கொண்டுவந்து போட்டான். தோலை உரித்து, உப்பில் போட்டு, பதப்படுத்தி, மான்தலை வடிவில் வார்த்த வெள்ளை நுரை அச்சின்மேல் போர்த்தி, பிடரியில் தைத்து, கண்ணாடிக் கண்களைக் களிமண்ணில் பதித்து முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. கொம்பையும் தோலையும் விட்டால் அதில் மானுடையது என்று எதுவும் இல்லை. நேற்றுத்தான் காயட்டும் என்று பட்டறையின் பின்சுவரில் மாட்டினாள்.

மூக்கைத் துணியால் துடைத்தாள். சுவரை ஒட்டியிருந்த மேஜையில் உட்கார்ந்து வேறொருவனின் மானுக்குக் காது தைக்க ஆரம்பித்தாள். காலை பத்து மணி வெளிச்சம் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம், முதலில் எலியோ என்று நினைக்கும்படி மெல்லியதாக, பிறகு மாடு கம்பத்தில் முதுகைத் தேய்ப்பதுபோல நிதானமாக, பின்சுவரின் பலகைகளில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வந்தது. ஆணியில் தொங்கிய கத்திகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

நிமிர்ந்தாள். மூக்கு மறுபடி ஈரம்.

கஸ்ஸுக்குப் போன் போட்டாள்.

"டேய், உன் தலை ரெடி. வந்து எடுத்துட்டுப் போ."

"எனக்கு வேண்டாம்க்கா."

"வேண்டாமா? தலை எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னு தினம் போன் பண்ணி என் உயிரை வாங்கினவன் நீதானே?"

"அக்கா, அது விழவே இல்ல. மூணு குண்டு. மூணும் நெஞ்சுல. நின்னுக்கிட்டு என்னையே பாத்துச்சு. நின்ன நிலையிலயே கழுத்தை அறுத்துத் தலையை எடுத்தேன். உடம்பை இழுக்க வண்டியில கயிறு எடுக்கப் போனேன். திரும்பி வந்தா உடம்பைக் காணோம்."

"ஓநாய் இழுத்திருக்கும்."

"இழுத்த தடம் இல்லக்கா. நடந்த தடம் இருந்துச்சு. அதை எரிச்சிரு. இப்பவே எரிச்சிட்டு நீயும் அங்கேருந்து கெளம்பு."

"இது என் பட்டறைடா. எவன் சொல்லியும் நான் கெளம்ப மாட்டேன்."

போனை வைத்தாள். புருஷன் ரால்ஃப் விட்டுப் போன வருஷம், பொம்பளை தோல் உரிச்சுப் பிழைக்கப் போறாளாம் என்று சாராயக் கடையில் சிரித்தார்கள். ஆறு மாசத்தில் மூடிவிடுவாள் என்று பந்தயம் கட்டினார்கள். பதினோரு வருஷம் ஆகிறது. சிரித்தவன் எல்லாம் இன்று கொம்பைப் பிடித்துக்கொண்டு அவள் வாசலில் வரிசையில் நிற்கிறான். குப்பையைக் கிளற வந்த கரடியையே மண்வெட்டியால் மூக்கில் போட்டு விரட்டியவள் அவள்.

அந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

பட்டறையைச் சுற்றிப் பனி முழங்கால் ஆழம், கீறல் இல்லாமல் கிடந்தது. பின்சுவருக்கு வந்தாள். ஓர் இடத்தில் மட்டும் பனி உருகியிருந்தது. சுவரை ஒட்டி நான்கு குளம்புகள் அழுந்திய குழிகள். குழிகளிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. வந்த தடம் இல்லை. போன தடமும் இல்லை.

கையுறையைக் கழற்றிப் பலகையில் உள்ளங்கையை வைத்தாள்.

சூடு.

பலகை மெல்லப் புடைத்தது. அடங்கியது. மறுபடி புடைத்தது.

மூச்சு.

வண்டிச் சாவி பையில்தான் இருந்தது. பத்தடி நடந்தால் வண்டி. பத்து நிமிஷத்தில் ஊர். வண்டியைப் பார்த்தாள். பிறகு பனியில் காறித் துப்பினாள்.

"என் சுவத்துல சாஞ்சுக்கிட்டு எனக்கே பூச்சாண்டி காட்டுறியா?"

உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

நேராகப் பார்க்கும்படிதான் அந்தத் தலையை அமைத்திருந்தாள். இப்போது அது வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவளைப் பார்த்து. கண்ணாடிக் கண் இமைத்தது. ஒரு தடவை. நிதானமாக.

அடுப்பின் கதவைக் காலால் தள்ளித் திறந்தாள். தணல் முகத்தில் அடித்தது. மேஜைமேல் ஏறி நின்று கொம்பு இரண்டையும் பிடித்தாள்.

"இறங்கு."

இழுத்தாள். வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குளம்புகள் பலகையை உதைத்தன. கத்திகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. தலை பின்னுக்கு இழுத்தது. அவளும் விடவில்லை. ஒரு காலைச் சுவரில் ஊன்றி, பல்லைக் கடித்து, முழுப் பலத்தோடு இழுத்தாள்.

வந்தது.

பிடரியில் அவள் போட்ட தையல் தெரிந்தது. தையலுக்குப் பின்னால், தலையை மாட்டியிருந்த அடிப்பலகை இல்லை. கழுத்து இருந்தது. இன்னும் இழுத்தாள். கழுத்து முடியவில்லை. மரத்திலிருந்து ஈரமாக, சூடாக, ஒரு சாண், இரண்டு சாண், பிறகு தோள்பட்டை. பிறகு நெஞ்சு. நெஞ்சில் மூன்று ஓட்டைகள். மூன்றும் மூச்சு விட்டன.

முன்னங்கால் ஒன்று சுவரைத் தாண்டி வந்து மேஜைமேல் ஊன்றியது.

அவள் முகத்துக்கு நேரே அதன் முகம். வாய் திறந்தது. உள்ளே வெள்ளை நுரை அச்சு.

மார்லிஸ் கொம்புகளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"வா," என்றாள். "முழுசா வா."

இழுத்தாள்.