இடது பக்கத்து வெற்றிடம்

புதன்கிழமை எடுத்த படத்தில் சமையலறைக் கதவு கொஞ்சம் அதிகமாகத் திறந்திருந்தது.

கொஞ்சம்தான். இரண்டு விரல் அகலம் இருக்கும். வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் தோவா அந்தக் கதவைப் பதிமூன்று நாட்களாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் பிற்பகல் மூன்றே முக்காலுக்கு, அமெரிக்காவின் வடக்கே டுலூத் ஊரின் டிசம்பர் வெயில் மேட்டுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கும் நேரத்தில், அதே சமையலறையை அதே இடத்தில் நின்று படமெடுத்தாள். கல்லூரியில் கொடுத்த வேலை அது. ஒரே அறை, ஒரே ஆள், பதினைந்து நாள். நாளுக்கு ஒரு புகைப்படம், ஒரு பென்சில் படம், லேப்டாப்பில் வரைந்தது ஒன்று. அறை மாறக் கூடாது, வரைகிறவரின் கண்தான் மாற வேண்டும் என்பது ஆசிரியர் ப்ரூயிட்டின் கட்டளை. அதனால் காமிரா நிற்கும் முக்காலியின் மூன்று கால்களுக்கும் தரையில் மஞ்சள் டேப்பால் குறி ஒட்டியிருந்தாள். மேஜையோரத்து நாற்காலிக்கு நான்கு குறிகள். கதவு எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதற்கும் ஒன்று.

"இது வீடா, கொலை நடந்த எடமா?" என்று முதல் நாளே கேட்டாள் பெர்னி. வாடகையைப் பாதி கொடுக்கும் பாவத்துக்கு, பதினைந்து நாளும் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவள் அவள்தான். தாதிப் படிப்பு படிக்கிறாள். உட்கார்ந்த நேரத்தில் சின்ன ஆரஞ்சுப் பழங்களை உரித்துத் தின்பாள். சமையலறை முழுக்க அந்தத் தோலின் வாசம்தான், அதோடு வெப்பக்குழாயின் தூசி கருகும் வாசம். ஒவ்வொரு நாளும் தோவா அவள் மோவாயின் கீழ் இரண்டு விரல் வைத்து, முகத்தை வெளிச்சத்தின் பக்கம் லேசாகத் திருப்பிவிட்டு, "அசையாத" என்பாள். பெர்னி மூச்சுகூட விடாமல் கண்ணை உருட்டுவாள்.

கதவைப் பெர்னிதான் இடித்திருப்பாள் என்று தோவா நினைத்தாள். போய்ப் பார்த்தாள். கதவு குறியின் மேல், மயிரிழை பிசகாமல் நின்றது.

இதைத் தொடங்கி வைத்தது தோவாதான். போன வெள்ளிக்கிழமை வகுப்பில் எல்லோருடைய படங்களையும் சுவரில் குத்தி வைத்தார்கள். ப்ரூயிட் தன் வழக்கப்படி, படத்தில் கண் போகும் பாதையை விரலால் காற்றில் வரைந்தார்.

"ஆரஞ்சுல தொடங்குது. மேஜை விளிம்பு வழியா ஜன்னலுக்கு வருது. அங்கேருந்து கதவுக்கு. அப்புறம்?" விரல் சுவரை விட்டு விழுந்தது. "பள்ளத்துல விழுந்துடுது. வலப் பக்கம் அந்தப் பொண்ணு, நடுவுல ஜன்னல், இடது பக்கம் செத்துக் கெடக்கு. அங்க ஏதாவது நிக்க வை."

"எத?"

"எனக்கென்ன தெரியும்? கனமா இருக்கணும், அவ்வளவுதான்."

சனிக்கிழமை தோவா லேப்டாப்பில், கதவிடுக்கின் இருட்டில் ஓர் உருவத்தை வரைந்தாள். யாரையும் பார்த்து வரையவில்லை. ஆறேழு கோடு, உயரமாக, முகமில்லாமல். கைகள் முழங்காலைத் தாண்டிவிட்டன. திருத்தச் சோம்பல், விட்டுவிட்டாள். திங்கட்கிழமை ப்ரூயிட் அந்தப் படத்தின் முன் வெகு நேரம் நின்றார். "இப்பத்தான் இந்தப் படம் தன் கால்ல நிக்குது" என்றார். இந்தப் பருவம் முழுக்க அவளுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை. ஜனவரி மாதத் தேர்வில் தேறாவிட்டால் படிப்பு அத்தோடு சரி. வடக்கே, சுரங்க ஊரில், அப்பாவின் டயர் கடையில் போன் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்த ஒரு வார்த்தையை அவள் வீடு வரை நெஞ்சில் தூக்கி வந்தாள்.

இப்போது புதன்கிழமைப் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கதவின் விளிம்பில், முழங்காலுக்கும் கீழே, வெளுப்பாக நான்கு சின்னக் கோடுகள். இன்னும் பெரிதாக்கினாள். நகங்கள் தெரிந்தன.

வரைந்த படத்தைத் தவறுதலாகப் புகைப்படத்தின் மேல் சேமித்துவிட்டேனோ என்று காமிராவையே எடுத்துப் பார்த்தாள். கை படாத மூலப்படம் அதில் இருந்தது. அதிலும் விரல்கள் இருந்தன.

"பெர்னி, இன்னிக்கு இங்க யாராச்சும் வந்தாங்களா?"

"எங்கம்மா கூட வர மாட்டேங்குது. ஏன், உனக்கு ஆள் வேணுமா?"

வியாழக்கிழமை அவள் காமிராவைத் தொடவில்லை. மனசு வரவில்லை. பென்சில் பொய் சொல்லாது, கண்ணில் பட்டதைத்தான் போடும் என்று காகிதத்தோடு நின்றாள். கதவைப் பார்த்தாள்: ஒன்றுமில்லை. பெர்னியைப் பார்த்தாள், வரைந்தாள். குளிர்பெட்டி முனகியது, வெப்பக்குழாய் எங்கோ சுவருக்குள் யாரோ தட்டுவதுபோல் மூன்று முறை தட்டி ஓய்ந்தது, தெருவில் பனி அள்ளும் வண்டி தரையைச் சுரண்டிக்கொண்டு போனது, அது போன பிறகும் அந்தச் சுரண்டல் கதவுக்கு அப்பால், நடைவழிப் பக்கமிருந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. பென்சில் மழுங்கியிருப்பதை அப்போதுதான் கவனித்தாள். குனிந்து பார்த்தாள். காகிதத்தின் இடது பக்கத்தை அவள் கை நிரப்பியிருந்தது. உருவம் கதவிடுக்கில் இல்லை. அறைக்குள் வந்து, குளிர்பெட்டியின் பக்கத்தில் நின்றது.

கிழித்துப் போட்டிருக்கலாம். பழக்க தோஷத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், நுணுக்கங்கள் மங்கி வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிவதற்கு வகுப்பில் எல்லோரும் செய்வதுதான். படம் அபாரமாக இருந்தது. அவள் இதுவரை வரைந்ததில் அதுதான் சிறந்தது. அவள் அதைப் பத்திரமாக அட்டைக்குள் வைத்தாள். அந்த அற்ப ஆசைக்காகப் பிறகு தன்னை மன்னிக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். பெர்னி உட்கார்ந்தாள். தோவா அவள் மோவாயைத் திருப்பி வைத்தாள், படமெடுத்தாள், முக்காலிக்குப் பக்கத்தில் இஸ்திரிப் பலகையின் மேல் வைத்திருந்த லேப்டாப்பில் ஏற்றினாள். குளிர்பெட்டியின் பக்கத்தில் அது நின்றது. இந்த முறை அவள் வரையவில்லை. அறையில் குளிர்பெட்டியின் பக்கத்தில் ஒரு துடைப்பமும் பெர்னியின் பனிக்காலணிகளும் மட்டுமே இருந்தன.

"கதவ மூடேன்டீ. காத்து வருது" என்றாள் பெர்னி.

"கொஞ்சம் இரு. முடிச்சுடறேன்."

இதை முடித்துக் கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். பழகிய வேலையில் கை தானாக ஓடியது. லேப்டாப்பில் வரைகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பார்த்துப் பார்த்துக் கண் மரத்துவிடும், கோணல் தெரியாது. அதனால் நிமிடத்துக்கு ஒரு தடவை படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்கள். யோசித்துச் செய்வதில்லை. விரலே போய் அழுத்திவிடும்.

விரல் அழுத்தியது.

படம் திரும்பியது. பெர்னி இடது பக்கம் போனாள். கதவு வலது பக்கம் வந்தது. குளிர்பெட்டி வலது பக்கம் வந்தது.

அது வரவில்லை.

இருந்த இடத்திலேயே, இடது பக்கத்திலேயே நின்றது. பெர்னியின் நாற்காலிக்குப் பின்னால்.

தோவா அவசரமாக மறுபடியும் அழுத்தினாள். படம் பழையபடி திரும்பியது. பெர்னி வலப் பக்கம் வந்தாள். இந்த முறை அது அவளோடு கூடவே வந்தது. ஒரு கை நாற்காலியின் முதுகில் இருந்தது.

"பெர்னி. எழுந்து வா."

"அசையாத அசையாதன்னு பதினஞ்சு நாளா உயிர எடுத்துட்டு, இப்ப..." பெர்னி நிறுத்தினாள். "தோவா, காலு மரத்துப்போச்சுடீ."

"எழுந்திரு!"

"முடியல. தோள்ல... யாரோ ஐஸ வச்ச மாதிரி இருக்கு. வெளையாடுறியா நீ?"

நாற்காலிக்குப் பின்னால் மஞ்சள் சுவர். வெறும் சுவர். லேப்டாப்பில் அந்தக் கை தோளுக்கு ஏறியிருந்தது. தோவா ஓடிப்போய் பெர்னியின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தாள். நாற்காலியோடு சேர்த்துத் தரையில் ஆணி அறைந்ததுபோல் அவள் அசையவில்லை. பெர்னியின் விரல்கள் சில்லிட்டிருந்தன. உதடு நீலம் பாய்ந்திருந்தது. தோவா லேப்டாப்புக்குத் திரும்ப ஓடி வந்தாள். அழிப்பானால் அழித்தாள். சுவர் அழிந்தது, அது அழியவில்லை. படத்தையே நீக்கப் பார்த்தாள். நீங்கவில்லை. விரல்கள் தோளிலிருந்து கழுத்துக்கு நகர்ந்திருந்தன.

"தோவா," என்றாள் பெர்னி, மிகச் சின்னக் குரலில். "மூச்சு விட முடியல."

வெட்டு.

படத்தின் வலது ஓரத்தைப் பிடித்து உள்ளே இழுத்தாள். வெட்டுக்கோடு நகர்ந்தது. அதன் தோள் வெளியே போனது. தலை போனது. பெர்னியின் நாற்காலி போனது, பெர்னியின் ஒரு தோளும் பாதிக் காதும் போயின. போகட்டும். முகம் போதும், கை போதும், ஆரஞ்சு போதும். கடைசி விரலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனதும் அழுத்தினாள்.

படத்தில் பெர்னி மட்டும் இருந்தாள்.

நாற்காலி கிறீச்சிட்டது. பெர்னி இருமினாள், நெடிய மூச்சு இழுத்தாள், கன்னத்தில் மெல்ல நிறம் ஏறியது. "அப்பாடா," என்றாள். "போயிடுச்சுடீ. என்னன்னு தெரியல, போயிடுச்சு." சிரிக்கவும் செய்தாள். தோவா இஸ்திரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தேர்வு நாசமாகப் போகட்டும், டயர் கடைக்கே போகிறேன், இவள் உயிரோடு இருந்தால் போதும் என்று நினைத்தாள். மனசார நினைத்தாள்.

முதல் வாரம் வகுப்பில் எல்லோரும் அட்டையை வெட்டி ஒரு சின்னச் சட்டம் செய்தார்கள், அதன் வழியே பார்த்துப் பழக. ப்ரூயிட் ஒரு கேள்வி கேட்டார்: "வெட்டித் தள்ளினதெல்லாம் எங்க போகுது?" பிறகு அவரே சொன்னார்: "எங்கயும் போகல. சட்டத்துக்கு வெளில இருக்கு. நீங்க இருக்கிற பக்கம்."

அது ஏன் இப்போது ஞாபகம் வந்தது என்று தோவாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

வெயில் முழுக்கப் போயிருந்தது, லேப்டாப்பின் வெளிச்சம் மட்டும் இருந்தது. பெர்னி ஏதோ சொல்லத் தலை நிமிர்த்தினாள். அவள் கண்கள் தோவாவின் முகத்துக்கு வரவில்லை. கொஞ்சம் பக்கத்தில், கொஞ்சம் மேலே, எதிலோ போய் நின்றன. அங்கேயே நின்றன. கையிலிருந்த ஆரஞ்சு உருண்டு தரையில் விழுந்தது.

படத்தில் ஒருவர் எங்கே பார்க்கிறாரோ அங்கேதான் நம் கண்ணும் போகும். அதையும் வகுப்பில் படித்திருந்தாள். தோவா திரும்பவில்லை.

எதிரே, வெளியே இருட்டிவிட்டதால் கண்ணாடியாகியிருந்த ஜன்னலைப் பார்த்தாள். அதில் முக்காலி தெரிந்தது. வலது பக்கம் அவள் நின்றாள்.

இடது பக்கம் காலியாக இல்லை.

"தோவா," என்றாள் பெர்னி. குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

ஜன்னலில் ஒரு நீண்ட கை எழுந்தது. மெதுவாக. அவசரமே இல்லாமல். குளிர்ந்த இரண்டு விரல்கள் தோவாவின் மோவாயின் கீழ் வந்து அமர்ந்து, அவள் முகத்தை வெளிச்சத்தின் பக்கம் லேசாகத் திருப்பி வைத்தன.