பெயர் கேட்டு வந்தது

வரிசையில் அடுத்ததாக வந்த பெயரில் எழுத்தே இல்லை.

பெட்டி காலியாக இருந்தது. ஆனால் ஓரத்தில், நீளம் மூன்று எழுத்து என்று காட்டியது. அவள் சுட்டியை வைத்து இழுத்துப் பார்த்தாள். மூன்று எழுத்து அகலத்துக்கு நீலம் படர்ந்தது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. இடைவெளிகளை அடுக்கி ஏமாற்றப் பார்ப்பவர்கள் உண்டு. அதையெல்லாம் கணினியே வாசலில் தடுத்துவிடும். இது தாண்டி வந்திருந்தது.

ஓர் இணைய விளையாட்டு நிறுவனத்துக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். ஆட வருபவர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்ளும் பெயர்களைப் படித்து, சரியென்றால் பச்சைப் பொத்தான், தப்பென்றால் சிவப்பு. ஏற்கெனவே வேறொருவரிடம் இருக்கும் பெயரை யாராவது கேட்டால் அதன் பக்கத்தில் மஞ்சள் புள்ளி இருக்கும். பழைய ஆள் விளையாட்டையே மறந்துபோனவர் என்றால் பச்சை அழுத்தலாம், பெயர் அவரிடமிருந்து போய்ப் புதியவரிடம் சேரும். இல்லையென்றால் சிவப்பு. அவ்வளவுதான் வேலை. நாலு பேர் கூடும் இடத்தில் வாய் திறக்காத அவளுக்கு இது தோதாக இருந்தது.

பெயர் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு. சக்கரவர்த்தி என்று போட்டுக்கொள்பவன் பேச்சை வீட்டில் ஒருவரும் காதில் வாங்குவதில்லை. ரத்தவேட்டை என்பவனுக்குப் பதினோரு வயது இருக்கும், ஒன்பது மணியானால் அம்மா வந்து பிடுங்கிக்கொள்வாள். பெயருக்குப் பின்னால் வருடம் இருந்தால் அது பிறந்த வருடம். யாருமில்லை என்று வைப்பவனுக்கு யாரோ ஒருத்தி இருந்து போயிருக்கிறாள். அவளோடு வேலை செய்பவர்கள் அவளை ஜோசியக்காரி என்று கேலி செய்வார்கள். மேலாளரை எல்லோரும் அண்ணன் என்பார்கள். சேர்ந்த அன்றே அவர் ஒன்றைச் சொல்லிவைத்திருந்தார்: "ஜோசியம் பாரும்மா, வேண்டாங்கல. ஆனா பதில் மட்டும் எழுதாத. பேரு கேட்டு வர்றவங்ககிட்ட பேச்சுக் குடுத்தா விடமாட்டாங்க."

காலிப் பெட்டியைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. தன்னைப்போல் கூச்சப்படுகிற யாரோ. சிவப்பை அழுத்தினாள். தயாராக இருந்த காரணங்களை விட்டுவிட்டுத் தானே தட்டச்சு செய்தாள்: 'இது பெயர் இல்லையே. உங்களை எப்படிக் கூப்பிடுவார்களோ அதையே வையுங்கள்.'

வெளியே மழை பிடித்திருந்தது. மாலைதான், ஆனால் ஜன்னலுக்கு வெளியே எதிர்ச்சுவர் தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது. ஊறிய சுண்ணாம்பின் வாசனையும், சூடான கணினியிலிருந்து வரும் கருகலும், எங்கோ குழாய் சொட்டும் ஓசையும் அந்தச் சின்ன அறைக்குள் ஒன்றாகக் கலந்து அவள் பிடரியில் வந்து உட்கார்ந்தன. நடைவழியின் மறுகோடியில், படுக்கையறையில், அக்காவின் மகள் இதே விளையாட்டைக் கைப்பலகைக் கணினியில் ஆடிக்கொண்டிருந்தாள். அக்கா மருத்துவமனையில் நர்ஸ், இன்றைக்கு இரவுப் பணி. பிறக்கும்போது சுண்டுவிரல் போல இருந்தாள் என்று குழந்தைக்கு வீட்டில் சுண்டு என்றே பெயர். எங்கிருந்து கூப்பிட்டாலும் "வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டு, இடது குதிகாலை மட்டும் தொம் தொம்மென்று ஊன்றி ஓடிவருவாள். விளையாட்டிலும் அதே பெயர் வேண்டும் என்று அடம்பிடித்து அழுதாள். வீட்டுப் பெயரை வெளியில் வைக்கக்கூடாது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சிவப்பு அழுத்தும் சித்தி, இவள் அழுகைக்குப் பச்சை அழுத்திவிட்டாள்.

அதே கணக்கிலிருந்து அடுத்த பெயர் வந்தது.

'யாரும் கூப்பிட்டதில்லை.'

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஜோசியம் பார்க்க முயன்றாள். வயது, ஆணா பெண்ணா, எதுவும் பிடிபடவில்லை. மற்ற பெயர்களைப் படித்தால் பின்னால் ஒரு முகம் மங்கலாகவாவது எழும். இதைப் படித்தபோது, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் கன்னத்தில் படுமே, அந்தக் குளிர்ச்சிதான் பட்டது. சிவப்பை அழுத்தினாள். சும்மா இருந்திருக்கலாம். 'வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள்?' என்று எழுதினாள்.

'எந்த வீட்டில்.'

சிவப்பு. இந்தமுறை ஒன்றும் எழுதவில்லை. பிற பெயர்கள் வந்தன. புயல்வீரன், குட்டிப்பிசாசு, தூங்குமூஞ்சி. பச்சை, பச்சை, பச்சை. கை பழக்கத்தில் ஓடியது. படுக்கையறையில் குழந்தை யாரையோ சுடச்சொல்லிக் கத்துவது கேட்டது. குழாய் சொட்டுவது நின்றிருந்தது.

'இந்த வீட்டில்.'

அவள் கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டாள். முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தே இருந்தது. திரும்பிப் பார்த்தாள். நடைவழி. செருப்பு அலமாரி. கோடியில் கைப்பலகையின் நீல வெளிச்சம். வேறு ஒன்றுமில்லை. சிவப்பை அழுத்திவிட்டு, இது ஏதோ வெட்டிப்பயல் வேலை, அண்ணனிடம் சொல்லி நாளைக்குக் கணக்கையே முடக்கிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள். வேகவேகமாக வேலை பார்த்தாள். மின்னல்ராணி, பச்சை. இரும்புமண்டை, பச்சை. சுண்டு, பச்சை.

சுண்டு.

அழுத்திய பிறகுதான் கண் படித்தது. பக்கத்தில் மஞ்சள் புள்ளி. அதே கணக்கு. திரும்ப எடுக்க வழி இல்லை. 'பெயர் மாற்றப்பட்டது' என்ற வரி வந்து, மங்கி, மறைந்தது.

மறுகோடியில் குழந்தையின் கத்தல் பாதியில் நின்றது.

நடைவழியில் அவள் ஓடினாள். தரை ஈரமாக இருந்தது. குழந்தை கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள், பித்தான் அறுந்த அதே மஞ்சள் கவுன், மூக்கோரத்தில் அதே மச்சம். கைப்பலகையில் அவளுடைய பொம்மை வீரனின் தலைக்கு மேல் பெயர் இருந்த இடம் காலியாக இருந்தது.

"சித்தி, என் பேரு போயிடுச்சு."

"விளையாட்டுலதானடா செல்லம். வேற வெச்சுக்கலாம்."

"இல்ல சித்தி." குழந்தை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "இங்கேர்ந்தும் போயிடுச்சு. நான் யாரு?"

குழந்தையின் கை ஐஸாக இருந்தது. அவள் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் உண்டே, நீளமான பெயர், சித்தியாகத் தானே தேர்ந்தெடுத்தது. நினைவுக்கு வரவில்லை. பையை இழுத்து நோட்டுப்புத்தக அட்டையைப் பார்த்தாள். பெயர் என்று அச்சடித்த இடத்துக்கு எதிரே வெறும் கோடு. வகுப்பு, பிரிவு எல்லாம் அக்காவின் கையெழுத்தில் இருந்தன. கோட்டின் மேல் மட்டும் ஒன்றுமில்லை.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"என்னடி, வார்டுல இருக்கேன். சீக்கிரம் சொல்லு."

"அக்கா, ஸ்பீக்கர்ல போடறேன். பாப்பாவ ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடு."

"இதென்னடி புதுசா?" அக்கா சிரித்தாள். சக்கர வண்டி ஒன்று கடகடவென்று போகும் சத்தம். பிறகு அந்தச் சத்தமும் போய்விட்டது. "இரு. நாக்கு நுனியிலயே நிக்குது. என்னடி இது... என் புள்ள பேருடி. வரமாட்டேங்குதுடி."

அக்கா அழ ஆரம்பித்தது கேட்டது. இணைப்பு அறுந்தது.

குழந்தை அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தூக்கம் வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். கண்கள் சித்தி மேல் நின்றன, பிறகு அவளைத் தாண்டிச் சுவருக்குப் போயின. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரியைப் பார்க்கும் பார்வை. மெத்தையில் குழந்தை உட்கார்ந்த பள்ளம் மெல்ல மேலெழுந்து சமமாகிக்கொண்டிருந்தது.

மூன்று எழுத்து. இந்த வீட்டில் இனி அது சித்தியின் வாயில் மட்டும்தான் மிச்சம். விட்டால் அதுவும் போய்விடும். உதட்டிலிருந்து நழுவுவது தெரிந்தது. முதல் எழுத்து ஏற்கெனவே மங்கியிருந்தது.

குழந்தையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். காதருகே குனிந்தாள்.

"சுண்டு."

குழந்தை அசையவில்லை.

"சுண்டு. இங்க பாரு. சுண்டு!"

"வந்துட்டேன்!"

குரல் பின்னாலிருந்து வந்தது. நடைவழிக்கு அந்தப் பக்கம். அவளுடைய வேலை அறை.

அதே குரல். அதே இழுப்பு.

தொம். தொம். இடது குதிகால். ஓடவில்லை. நடந்து பழகுவது போல. ஒவ்வோர் அடியாக. செருப்பு அலமாரியைத் தாண்டியது. ஈரத்தில் ஒருமுறை வழுக்கி, நின்று, மறுபடி.

"யாரு அது?" என்றாள் கட்டிலில் இருந்தவள், காற்றாக.

வாசலில் வந்து நின்றது. கைப்பலகையின் நீல வெளிச்சம் முதலில் பாதங்களைத் தொட்டது. பிறகு மஞ்சள் கவுனை. அறுந்த பித்தானை. பிறகு முகத்தை. அங்கே ஒன்றுமில்லை. இழுத்துவிட்ட பெட்டியைப் போல, வெறும் நீலம்.

"கூப்பிட்டியே சித்தி."

அவள் பிடியிலிருந்த சின்ன முகத்தின் கனம் குறைந்துகொண்டே வந்தது. கட்டில் பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியமில்லை. வாசலையே பார்த்தாள். அந்த நீலத்தில் ஏதோ ஊற ஆரம்பித்திருந்தது.

முதலில் வந்தது, மூக்கோரத்து மச்சம்.