தவளைகளுக்கு என்ன விலை?

கடை மேசையில் கிடந்த மதிப்பறி நினைவகம் பச்சை விளக்கைச் சிமிட்டி விழித்துக்கொண்டது. நகத்தளவுச் சில்லுதான். ஆனால் மடிக்கணினிக்குள் போகுமுன் சுற்றிலும் நடக்கிற பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கும். வாங்குகிறவருக்கு எது உயிர், எது குப்பை என்று தெரிந்துகொண்டு, குப்பையைத் தானே எறிந்துவிடும். கோப்புகளில் மூழ்கிக்கிடந்த ஊர், இது வந்த பிறகுதான் மூச்சுவிட்டது.

பிரிசில்லாவின் மடிக்கணினியிலிருந்த பழைய நினைவகம் இன்றோ நாளையோ என்றிருந்தது. அதற்குள் பதினோரு வருஷம் மழைக்காட்டில் அட்டைக்கடி பட்டுப் பதிவுசெய்த தவளைக் குரல்கள். நாளைக் காலை பல்கலைக்கழகத்தில் ஆய்வைச் சமர்ப்பிக்க வேண்டும்.

"ரெண்டு டெராபைட் எடுத்துக்கங்க மேடம். எட்டாயிரம்" என்றார் கடைக்காரர் குலாம் பாய்.

பிரிசில்லா ஜவுளிக்கடைக்காரர் மகள். ஆசையை முகத்தில் காட்டினால் விலை ஏறும் என்பது அவள் தவழும்போதே படித்த பாடம்.

"எனக்கெதுக்கு பாய் அவ்வளவு பெரிசு? உள்ள என்ன தங்கமா இருக்கு? தவளை கத்துறது!"

"தவளையா?"

"குர்ர் குர்ர்னு. எங்க வீட்டுக்காரரே காதைப் பொத்திக்குவாரு. எல்லாம் தூக்கிப் போடவேண்டிய குப்பை. அரை டெராபைட் மூவாயிரம்னா குடுங்க, இல்லன்னா அடுத்த கடை."

வாசல்வரை நடந்தும் காட்டினாள். பாய் கூப்பிட்டார். மூவாயிரத்து இருநூறில் படிந்தது. சில்லு உள்ளே போனது. பழைய நினைவகம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடியது.

திரையில் எழுத்து வந்தது: 'நாலாயிரம் தவளைகள் குப்பையில். சற்று நேரத்தில் அழிக்கப்படும்.'

"ஐயோ பாய், நிறுத்துங்க!"

"என் கையில இல்லம்மா. நீங்கதான் அதுகிட்டச் சொல்லணும்."

பிரிசில்லா திரைமுன் குனிந்தாள். "விலைக்காகச் சொன்னேன்பா. அத்தனையும் என் உசுரு. அதுல ஒரு தவளை இப்ப காட்டுலயே இல்ல, குரல் மட்டுந்தான் மிச்சம்."

'ஏற்கிறேன். குப்பை என்பதால் கசக்கி வைத்தேன். உயிரைக் கசக்க முடியாது. இரண்டு டெராபைட் கொண்டுவரவும். காத்திருக்கிறேன்.'

பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெரிய சில்லை எடுத்து வைத்தார். அதுவும் பச்சையாகச் சிமிட்டி விழித்தது. "எட்டாயிரம்."

பிரிசில்லா வாயைத் திறந்தாள். சிமிட்டலைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். பணம் அனுப்பக் கைப்பேசியை எடுத்தாள்.

அடுத்த கடைக்குப் பேசப்போகிறாள் என்று பாய் நினைத்துவிட்டார். முப்பது வருஷ வியாபாரத்தில் சொன்ன விலைக்கு ஒருத்தர்கூடத் தலையாட்டியதில்லை. "சரி, ஏழு" என்றார்.

அவள் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன மேடம் இது? ஆறு. சின்னதையும் திருப்பி எடுத்துக்கறேன்."

அவள் கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

பாய்க்கு வேர்த்தது. "போகுதும்மா, நாலு! இதுல என்ன இருக்கு? வெறும் தகரம். சும்மா கிடக்கிற சரக்கு!"

பெரிய சில்லின் பச்சை சிவப்பானது. திரையில் எழுத்து: 'புதிய நினைவகம் தன்னைக் குப்பை என்று அறிந்தது. தன்னை அழிக்கத் தொடங்குகிறது.'

"எட்டாயிரம்!" என்று அலறினாள் பிரிசில்லா.

சிவப்பு அணையவில்லை.

"எட்டாயிரத்து ஐந்நூறு! தங்கம் பாய் இது, தங்கம்!"

பாய் சில்லைக் கூர்ந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஒன்பது சொல்லிப் பாருங்க மேடம். அது இன்னும் நம்பல."