வீட்டோடு சேர்த்து

வாடகை வீடு தேடும் அந்த இணையதளத்தின் ஃபில்டரில், அவள் வைக்காத ஒரு கட்டம் முளைத்திருந்தது.

எத்தனை படுக்கையறை, எந்த மாடி, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று, தேடுபவர் கண்ணுக்குத் தோதாக எல்லாவற்றையும் வரிசைப்படுத்தியவள் அவள்தான். அவள் வரைந்து கொடுப்பதைக் கணினியில் ஓட வைப்பவன் அவள் கணவன். இப்போது, ‘வீட்டோடு சேர்த்துத் தரப்படுபவை’ என்ற தலைப்பின் கீழே, கட்டில், அலமாரி, ஃபிரிட்ஜ் எல்லாம் தாண்டிக் கடைசியில் ‘மனைவி’ என்று இருந்தது.

மழை பிடித்த சாயங்காலம். சாத்திய ஜன்னலுக்குள் காயாத துணியின் வாடை சுவரெல்லாம் ஊறிக் கிடக்க, ஃபிரிட்ஜின் முனகல் நின்று நின்று, யாரோ மூச்சை அடக்கி விடுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது. மனுஷனுக்கு விளையாட்டுக்கு அளவே இல்லை என்று சிரித்தபடி அந்தக் கட்டத்தைத் தொட்டாள்.

ஒரே ஒரு வீடு வந்தது.

அவர்கள் வீடு. கூடம், சமையலறை, படுக்கையறை என்று வரிசையாகப் படங்கள். கட்டிலில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தன் நிழல் அவள் முகத்தில் விழாதபடி பதவிசாகக் குனிந்து அவன் படம் எடுப்பது நிலைக்கண்ணாடியில் தெரிந்தது. கீழே: ‘பேசி முடிந்தது.’

அவனுக்கு போன் போட்டாள். மணி வாசலுக்கு வெளியே ஒலித்தது.

கதவு திறந்தது. அவனோடு நடுவயதுத் தம்பதி.

“யாருங்க இவங்க?”

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வந்த பெண் குழாயைத் திருகினாள், மெத்தையை அழுத்தினாள். பிறகு இரண்டு விரலால் இவள் முகவாயைத் தூக்கினாள். ஜில்லென்ற விரல்.

“பேசுமா?”

“பேசும். ஆனா தொல்லை பண்ணாது.”

பேசும். பண்ணாது. கட்டியவன் வாயிலிருந்து.

“என்னங்க... என்னைப் போயா?”

“தேடுறவங்க தடுமாறக்கூடாதுன்னு நீதானே சொல்லுவ,” என்றான். “இவங்க தடுமாறவே இல்ல.”

சாவி கை மாறியது. அவன் படியிறங்கினான். திரும்பிப் பார்க்கவில்லை.

கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கால் நகரவில்லை.

உள்ளே தாழ் விழுந்தது.

வந்தவர் அலமாரியைத் திறந்தார். அடித்தட்டுத் துணிகளைத் தரையில் தள்ளினார். உள்ளளவை டேப்பால் அளந்தார். அதே டேப்போடு வந்து, அவளை உச்சி முதல் பாதம் வரை அளந்தார்.

“கொஞ்சம் மடக்கினாப் போதும்,” என்றார் தன் மனைவியிடம். “உள்ள போயிடும்.”