வினாடி சாரும் ஆறு நிமிடமும்

அந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'வினாடி சார்'. அவருக்கும் அதில் பெருமைதான். அவர் அறையிலிருந்த கணினிதான் பள்ளி மணியை அடிக்கும். வினாடி பிசகாத மணி என்று காலைக் கூட்டத்தில் அடிக்கடி சொல்வார். சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆகும்.

ஐந்தாம் வகுப்பு வாயாடிக்கு மட்டும் அந்த மணியின் மேல் சந்தேகம். நான்கு மணிக்குப் பள்ளி விட வேண்டும். நான்கு ஐந்துக்குப் பேருந்து. ஆனால் சில நாட்களாக அவள் வாசலுக்கு ஓடி வரும்போது பேருந்தின் முதுகுதான் தெரிந்தது. அடுத்த பேருந்து ஆறு மணிக்கு. ஒன்றாம் வகுப்புத் தம்பியோடு நடந்தே போவாள். பாதி வழியில் தம்பிக்குக் கால் வலிக்கும். மீதி வழி அக்காவுக்கு முதுகு வலிக்கும்.

வாயாடி சாரிடம் போய், மணி தாமதமாக அடிக்கிறது என்றாள். சார் தன் கைக்கடிகாரத்தை நீட்டினார். கணினியில் இருந்த அதே நேரம்.

"இந்த வாட்ச்சை எதைப் பார்த்து வைப்பீங்க, சார்?"

"நம்ம கணினியைப் பார்த்துதான்."

"கணினியை?"

"இந்த வாட்ச்சைப் பார்த்து. ஒருநாள்கூட வித்தியாசம் வந்ததில்ல."

பக்கத்து மேசை எழுத்தர் அக்கா சிரிப்பை மறைக்கக் குனிந்து எதையோ தேடினார். அவர் ஒருமுறை செல்போனைப் பார்த்துக் கணினியின் நேரத்தைத் திருத்தியிருந்தார். சார் உடனே அதைத் தன் கடிகாரத்தின்படி மாற்றிவிட்டார்.

வாயாடி விடவில்லை. "டிவி சொன்னா ஒத்துக்குவீங்களா, சார்?"

சார் யோசித்தார். அவரே ஒருமுறை டிவியில் மூன்று வினாடி வந்தவர். "டிவின்னா சரி" என்றார்.

வாயாடியின் சித்தி டிவி பழுது பார்ப்பவர். படத்தோடும் ஒலியோடும் சரியான நேரமும் டிவி அலையில் வருகிறது என்று அவர் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக் கணினியின் கடிகாரத்தைத் திருத்த ஒரு சின்னக் கருவியும் அவரிடம் இருந்தது.

மறுநாள் விளையாட்டு வகுப்பில் வாயாடி விளையாடவில்லை. சித்தியிடம் வாங்கி வந்த கருவியை சார் அறைக் கணினியில் செருகி, அதன் ஆன்டெனாவை அலமாரி மேல் வைத்தாள். சிக்னல் இல்லை. பரிசுக் கோப்பைக்குள் வைத்தாள். இல்லை. நாற்காலி போட்டு ஏறி விசிறிக்குக் கீழே பிடித்தாள். கை கடுத்தது, சிக்னல் வரவில்லை. கணினியில் மூன்று ஐம்பத்து மூன்று.

மிச்சம் இருந்தது சாரின் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னல்.

"சார், கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா? சிக்னலை மறைக்கிறீங்க."

அந்த நாற்காலியிலிருந்து அவரை யாரும் இதுவரை எழுப்பியதில்லை. சார் எழுந்தார்.

வாயாடி ஆன்டெனாவை ஜன்னலில் வைத்தாள். திரையில் மூன்று ஐம்பத்து நான்கு, ஒரே தாவலில் நான்கு மணி ஆனது. மணி அடித்தது.

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கே" என்றார் சார், தன் கடிகாரத்தைப் பார்த்தபடி. பதில் சொல்ல வாயாடி அங்கே இல்லை. எழுத்தர் அக்காதான் சொன்னார்: "டிவி சொல்லிடுச்சு, சார்."

பேருந்து வாசலில் நின்றிருந்தது. தம்பியை முதலில் ஏற்றிவிட்டு அவளும் ஏறினாள்.

"என்ன பாப்பா, இன்னைக்கு சீக்கிரம் விட்டுட்டாங்களா?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"இல்லண்ணே" என்றாள் வாயாடி, ஜன்னலோரம் உட்கார்ந்தபடி. "இன்னைக்குத்தான் சரியா விட்டாங்க."